தானாகத் திரும்பும் சுக்கான்

நான் தற்பெருமைக்காரன். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் சொல்வதற்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். மற்றவர்கள் தாங்கள் செய்த நல்ல காரியத்துக்குத்தான் பெருமைப்படுவார்கள். நானோ தூத்துக்குடிக் கடலில், பட்டப்பகலில், ஒரு லாஞ்சையும் மூன்று தோணிகளையும் நெளிநெளியாக ஓட்டி, எனக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த மனிதரைத் தும்ம வைத்து, வாந்தியெடுக்க வைத்து, கரையில் இறக்கி விட்டேனே, அதற்கும் சேர்த்தே பெருமைப்படுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள், பிறகு திட்டலாம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். எனக்கு இருபத்தாறு வயது. திருகோணமலையில் கடற்படைப் பட்டறையில் மூன்று வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். போகும்போது ஒரு டிரங்குப் பெட்டியோடு போனவன் வரும்போது மூன்றோடு வந்தேன். கூட வந்த இரண்டிலும் பட்டறையில் கழித்துப்போட்ட மோட்டார், ரிலே, செம்புக் கம்பி. அம்மா ஆசையோடு திறந்து பார்த்துவிட்டு, "கொழும்புச் சேலை கொண்டாந்திருப்பான்னு பாத்தா, எல்லாம் இரும்பால்லா இருக்கு" என்று மூடிவிட்டாள்.

அங்கே பெரிய கப்பல்களில் ஒரு சாமான் பார்த்திருந்தேன். அது திசைகாட்டியைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கப்பல் போகவேண்டிய திசையை விட்டு விலகினால் தானே சுக்கானைத் திருப்பும். திருப்பியதால் சரியாயிற்றா என்று மறுபடி பார்க்கும். இன்னும் விலகியிருந்தால் இன்னும் திருப்பும். செய்ததன் பலனைப் பார்த்து அடுத்ததைச் செய்வது. இதற்கு இப்போது பின்னூட்டம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது எனக்கு அது வெறும் 'தன்னால திரும்புத சுக்கான்'தான். ஊருக்குப் போய் இதை ஒரு லாஞ்சில் மாட்டாவிட்டால் நான் பால்துரையே இல்லை என்று திருகோணமலையிலேயே முடிவு கட்டிவிட்டேன். (பால்துரை என்பது நான்தான்.)

எங்கள் ஊர்க் கடல் ஆழமில்லாதது. அந்தக் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வராது. மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் தோணியில் ஏறித்தான் கப்பலுக்குப் போகவேண்டும். காற்று இருந்தால் தோணி பாய் விரித்துப் போகும். காற்று இல்லாத காலை வேளைகளில், ஒரு நீராவி லாஞ்ச் தோணிகளைக் கயிற்றில் கோத்து, ஒன்றின் பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகும். அப்படி ஒரு லாஞ்சில்தான் எனக்கு மெக்கானிக் வேலை கிடைத்தது. அதில் சுக்கான் பிடிப்பவன் சூசை. என் வயதுக்காரன், வெற்றிலை போடாமல் ஒரு வார்த்தை பேசமாட்டான். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக் கால் வீங்கிக் கிடப்பான். "ஏலே சூசை, உனக்கு ஒரு நாற்காலி போட்டுத் தாரேன். உக்காந்து வெத்திலை போடு. லாஞ்ச் தன்னால போவும்" என்றேன். "நாற்காலி மட்டும் போடும். மத்ததைப் பொறவு பாப்போம்" என்றான்.

முதலாளியிடம் அனுமதி வாங்கி இரண்டு மாதம் உழைத்தேன். திசைகாட்டித் தட்டில் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டி, சுற்றிலும் வட்டமாகச் செம்புப் பொட்டுகள் பதித்தேன். லாஞ்ச் எந்தப் பக்கம் எத்தனை டிகிரி விலகுகிறதோ அதற்குரிய பொட்டைக் கம்பி தொடும். பேட்டரியில் ஓடும் மோட்டார் அதற்கு ஏற்றபடி சங்கிலியை இழுத்துச் சுக்கானைத் திருப்பும். பக்கத்தில் ஒரு பித்தளைக் குமிழ். போகவேண்டிய திசைக்குக் குமிழைத் திருப்பி வைத்துவிட்டால் போதும், லாஞ்ச் அந்தத் திசையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் சரி, ஒரு கேள்வி பாக்கி. லாஞ்ச் ஒரு டிகிரி விலகினால் சுக்கான் எத்தனை டிகிரி திரும்பவேண்டும்? குறைவாகத் திரும்பினால் லாஞ்ச் சோம்பேறியாகப் போகும். கூடுதலாகத் திரும்பினால்? கூடுதலாகத் திரும்பினால் நல்லதுதானே என்று அந்த வயதில் எனக்குப் பட்டது. ஆனாலும் நான் படித்தவன், உத்தேசமாகச் செய்யலாமா? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முறையாகக் கணக்குப் போட்டேன். போகும் வழியில் கணத்துக்குக் கணம் எவ்வளவு விலகுகிறோம் என்று எடுத்துக்கொள்ளவேண்டும். சும்மா கூட்டினால் வலப்பக்கம் விலகியதும் இடப்பக்கம் விலகியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, குடிகாரன் நேராக நடந்ததாகக் கணக்கு வந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டவேண்டும். அந்தக் கூட்டுத்தொகை எந்த எண்ணுக்கு மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் உத்தமமான எண். கணக்கு போகப் போக எனக்கே புல்லரித்தது. ஒன்றைவிட இரண்டு நல்லது, இரண்டைவிட மூன்று நல்லது, மூன்றைவிட நான்கு நல்லது என்று வந்துகொண்டே இருந்தது. என் மோட்டாரால் ஐந்துக்கு மேல் முடியாது என்பதால் ஐந்தோடு நிறுத்தினேன். ஒரு டிகிரிக்கு ஐந்து டிகிரி.

இத்தனையையும் நோட்டில் சுத்தத் தமிழில், ஒவ்வொரு வரிக்கும் விளக்கத்தோடு எழுதி வைத்தேன். பிற்காலத்தில் என் வாழ்க்கை வரலாற்றை எழுத வருகிறவர்கள் சிரமப்படக்கூடாதே என்ற நல்லெண்ணம்தான். (இதுவரை யாரும் வரவில்லை.)

ஒரு விடியற்காலை லாஞ்சை மட்டும் தனியே எடுத்துப்போய் ஓட்டிப் பார்த்தோம். சுக்கான் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் லாஞ்ச் நூல் பிடித்ததுபோல் போயிற்று. சூசை நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தான். "ஆமாவே, போவுதுதான்" என்றான். அவன் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

இந்தச் சமயத்தில்தான் தங்கபுஷ்பம்.

விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்த வேலாயுதத்தின் மகள். நாசரேத்தில் விடுதியில் தங்கிப் படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கப் போனபோது அவளைப் பார்த்தது மொத்தம் இரண்டு நிமிஷம். காப்பியை வைத்துவிட்டுத் தரையைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் மோட்டாரோடு குடித்தனம் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். சொல்வதற்கு என்ன வெட்கம், அவள்மேல் எனக்கு அன்றைக்கே பைத்தியம்.

அவள் அப்பாவுக்குத்தான் இழுபறி. நாசரேத்தில் இன்னொரு மாப்பிள்ளை இருந்தான். சொந்தமாக மளிகைக்கடை. "அங்கன கடை இருக்கு. கதவைத் திறந்தா வியாபாரம், மூடுனா வீடு. நீங்க என்ன வேலை செய்யுதீய தம்பி? மெக்கானிக்னு சொல்லுதாவ. எனக்கு அது என்னன்னே விளங்கல" என்றார். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பது வேறு சங்கடம். மாமா என்று சொல்ல இன்னும் உரிமை வரவில்லை. ஊரே கூப்பிடுகிறமாதிரி அண்ணாச்சி என்று கூப்பிடலாமென்றால், அப்புறம் அண்ணாச்சி மகளை எப்படிக் கட்டுவது? அதனால் பேரும் முறையும் இல்லாமல், "வாங்க, இருங்க, சாப்பிடுங்க" என்றே நாளை ஓட்டினேன்.

அந்த வாரம் அவருடைய வத்தல் மூட்டைகள் கொழும்புக் கப்பலுக்கு எங்கள் லாஞ்சில்தான் போகவேண்டியிருந்தது. "நீங்களும் வாங்க. என் வேலை என்னன்னு கண்ணால பாத்துட்டு முடிவு சொல்லுங்க" என்றேன். அவர் கரிசல் காட்டு மனிதர். அதுவரை கடலில் கால் வைத்தது கிடையாது. நல்ல நேரம் பார்த்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மகளுக்காக ஏறினார். ஏறியதும் என் நோட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். "இதுல எல்லாம் இருக்கு." அவர் அதைப் பஞ்சாங்கம் மாதிரி மரியாதையாக வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

லாஞ்சுக்குப் பின்னால் மூன்று தோணிகள். கடைசித் தோணியில் அவருடைய வத்தல், ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. கரையை விட்டு நேர் கிழக்கே போகவேண்டும். குமிழை வைத்தேன், சூசையை நாற்காலியில் உட்காரச் சொன்னேன், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சக்கரத்தில் யாரும் இல்லை. சங்கிலி மட்டும் அங்குமிங்கும் 'கடக், கடக்' என்றது. லாஞ்ச் போயிற்று.

"தன்னாலயா போவுது?" என்றார் அவர்.

"தன்னாலதான்."

"நேராத்தான் போவுது" என்று கரையைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் நாசரேத் மளிகைக்கடை கொஞ்சம் மங்குவது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வழியில் ஒரு மிதவை உண்டு. அங்கே தென்கிழக்காகத் திரும்பினால்தான் கப்பல். சூசை எழுந்து, "இந்த ஒரு திருப்பத்தை மட்டும் நான் பிடிச்சுத் தாரேனே" என்றான். "உக்காருலே. திரும்புறதுலதான் விசேஷமே இருக்கு" என்று சொல்லிவிட்டு, வித்தைக்காரன் மாதிரி இரண்டு விரலால் குமிழைத் திருப்பினேன்.

முதல் அரை நிமிஷம் அபாரம். சுக்கான் சடாரென்று முழுக்கத் திரும்பியது, லாஞ்சும் சொன்ன பேச்சைக் கேட்டு வலப்பக்கம் வளைந்தது. வரவேண்டிய திசைக்கும் வந்தது. வந்தது நிற்கவில்லை. பின்னால் மூன்று தோணிகளும் இன்னும் பழைய திசையிலேயே போய்க்கொண்டு லாஞ்சின் வாலைப் பிடித்து இழுத்தன. திசை தாண்டிப் போய்விட்டதைப் பார்த்த என் உத்தமமான எண், சுக்கானை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு அடித்தது. லாஞ்ச் இடப்பக்கம் பாய்ந்தது; அங்கேயும் தாண்டியது. மறுபடி வலம். மறுபடி இடம். ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிட அகலமாக. கயிறு ஒரு சமயம் தொய்ந்து தண்ணீரில் கிடக்கும், அடுத்த சமயம் 'விண்' என்று இழுபட்டுத் தோணியைச் சுண்டும்.

"பால்துரை, கழட்டட்டுமா?" என்றான் சூசை.

"வேண்டாம். திசையைத் தேடுது. இப்ப பிடிச்சிரும்."

"எதைத் தேடுது? அங்கனதானே கப்பல் நிக்கு. நான் வேணும்னா காட்டுதேன்."

நடுத் தோணிக்காரர்கள் எங்களை நோக்கிச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. பெண்ணின் தகப்பனார் ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். லாஞ்ச் சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக ஒவ்வொரு தடவையும் சாய்ந்தார். அவர் அளவில் அதுவும் பின்னூட்டம்தான். "தம்பி, இது முடிஞ்சிருமா?" என்று பணிவாகக் கேட்டார். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றேன். எனக்கு அப்போதே தெரியும், முடியாது என்று. பத்து வயதிலிருந்தே எனக்கு இந்த வியாதி. தப்பு என்று உள்ளே தெரிந்த பிறகுதான் வெளியே சத்தமாக 'சரி' என்பேன்.

அப்போதுதான் கடைசித் தோணி ஒரு பெரிய சாய்வு சாய்ந்தது. மேலடுக்கு மூட்டைகள் சரிந்தன. நான்கு மூட்டை கடலில். ஐந்தாவது விளிம்பில் மாட்டிக் கிழிந்து கொட்ட ஆரம்பித்தது. அதுவரை அசையாமல் கிடந்த காற்று அந்த நேரம் பார்த்துத்தான் கரையிலிருந்து, அதாவது பின்னாலிருந்து, வீச ஆரம்பித்தது. அந்த வத்தல் தூள் முழுக்க நேரே லாஞ்சுக்கு வந்தது. சூசை தும்மினான், கொதிகலனுக்கு நெருப்புப் போடுகிறவன் தும்மினான், நான் தும்மினேன். அவர் தும்மிக்கொண்டே, "அது என் வத்தலா?" என்று கேட்டார். பதிலுக்கு நாங்கள் மூன்று பேரும் மறுபடி தும்மினோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் பார்த்தேன். காய்ந்த வத்தல் தண்ணீரில் மிதக்குமல்லவா? பச்சைக் கடல்மேல் சிவப்பாக ஒரு கோடு. வலம் இடமாக வளைந்து, வளைவுக்கு வளைவு அகலமாகி, கடைசித் தோணியின் வால் வரைக்கும் வந்தது. நோட்டில் நான் போடாமல் விட்ட வளைவுகளைக் கடலே எனக்காகச் சிவப்பு மையில் போட்டுக் காட்டியது. அதைப் பார்த்ததும் நான் எங்கே இருக்கிறேன், யாரோடு இருக்கிறேன் என்பதெல்லாம் மறந்துவிட்டது.

"என்ன அழகு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர் கேட்டுவிட்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு லாஞ்சின் ஓரத்துக்குப் போய், கக்கத்து நோட்டு நழுவாமல், காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்தார்.

சூசை என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டான். பேட்டரி வயரைப் பிடுங்கினான், சங்கிலியைக் கழற்றிவிட்டான், சக்கரத்தைப் பிடித்தான். கால் மணி நேரத்தில் லாஞ்சும் தோணிகளும் ஒழுங்காக வரிசைக்கு வந்தன. கப்பலை நெருங்கியபோது, அதில் இருந்தவர்கள் எல்லாம் கம்பி ஓரமாகக் கூடி நின்று எங்களுக்குக் கைதட்டினார்கள். சூசை மட்டும் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டான்.

கரைக்கு வந்ததும் அவர் இறங்கி நடந்தார். என் நோட்டு இன்னும் அவர் கக்கத்திலேயே இருந்தது; திருப்பிக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. முதலாளி, "அந்தச் சாமானைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போயிரு. ஒங்க அம்மைக்கு உதவும்" என்றார். கடைத்தெருவில் நான் நடந்து போனால், "பால்துரை இன்னைக்கு நேரா நடக்கான்டோய்" என்று ஒரு குரல் வரும். அதெல்லாம் உறைக்கவில்லை. தங்கபுஷ்பம் நாசரேத்துக்குப் போய்விடுவாள் என்பதுதான் உறைத்தது. சோறு இறங்கவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் சிவப்புக் கோடு.

எட்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் நோட்டு. அம்மா பதறிப்போய் கருப்பட்டிக் காப்பி போட ஓடினாள். அவர் உட்காரவே இல்லை.

"தம்பி, நாலு மூட்டை வத்தலைப் பத்திப் பேச வரல. இந்த நோட்டை எம் மவ வாங்கிப் படிச்சா. ரெண்டு நாளா படிச்சா. இங்கன பென்சில்ல என்னமோ எழுதிருக்கா. எனக்கு விளங்கல. அவ எழுதினது சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை போதும்."

ஓரத்தில் சின்னச் சின்ன எழுத்து. 'திசை விலகுவதற்கு வர்க்கம் போட்டுக் கூட்டியிருக்கிறீர்கள். சுக்கான் திரும்புவதற்குக் கணக்கில் ஒன்றுமே எழுதவில்லை. எவ்வளவு திருப்பினாலும் சும்மாதான் என்றால், கணக்கு எவ்வளவு வேண்டுமானாலும் திருப்பத்தானே சொல்லும்? மேலும், லாஞ்சைத் தனியாக ஓட்டியபோது போட்ட கணக்கு, மூன்று தோணியைக் கட்டிய பிறகும் செல்லுமா?'

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மூன்று வருஷம் கடற்படைப் பட்டறையில் தண்ணீர் குடித்தவன் நான். ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற டீச்சர், இரண்டு நாள் படித்துவிட்டு, பென்சிலால் எனக்குத் திருத்தம் போடுகிறாள். நான் தலைகால் தெரியாமல் நேசிக்கிற பெண் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. நோட்டை மூடினேன்.

"தப்பு" என்றேன்.

சமையல்கட்டு வாசலில் காப்பியோடு நின்ற அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் தலையை ஆட்டினார். "சரி. அப்ப நான் வாரேன். பத்து மணிக்கு பஸ்" என்று சொல்லிவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

அவள் சொன்னது தப்பு என்று ஆதாரத்தோடு பதில் எழுதி அனுப்பவேண்டும் என்று அப்போதே உட்கார்ந்தேன். அவள் சொன்னபடியே, சுக்கான் எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதையும் வர்க்கமாக்கிக் கூட்டுத்தொகையில் சேர்த்தேன். தோணிகளின் இழுப்பையும் சேர்த்தேன். இதெல்லாம் சேர்ந்தால் எண் என்ன ஆகிவிடப்போகிறது, ஐந்து நாலரையாகும் என்று நினைத்தேன். ஒன்றேகால் வந்தது. மறுபடி போட்டேன். ஒன்றேகால். மூன்றாம் தடவை வேறு வழியாகப் போட்டேன். அப்போதும் ஒன்றேகால்தான். அந்த ஒன்றேகாலுக்கு லாஞ்ச் எப்படித் திரும்பும் என்று வரைந்து பார்த்தேன். நிதானமாக வளைந்து, திசைக்கு வந்து, துளி தாண்டி, அமைதியாக அடங்கியது. எட்டு நாளாக என் மண்டைக்கு எட்டாதது, கடலையே பார்க்காத ஒரு பெண்ணுக்கு விளாத்திகுளத்தில் உட்கார்ந்தபடியே எட்டியிருக்கிறது.

சட்டை மாட்டினேனா என்றுகூட நினைவில்லை. செருப்பு மாட்டவில்லை, அது நிச்சயம். நோட்டைத் தூக்கிக்கொண்டு, காதில் பென்சிலோடு, பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். மணி பத்து எப்போதோ அடித்துவிட்டது.

பெட்ரோலுக்குப் பஞ்சமான அந்த நாளில் பஸ்ஸெல்லாம் கரி பஸ். பின்னால் ஒரு பெரிய டிரம்மில் அடுப்புக்கரி போட்டு, பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடித்து, புகை சரியாக வந்த பிறகுதான் இன்ஜின் மனம் வைக்கும். அன்றைக்குக் கரி ஈரம். கண்டக்டர் வியர்க்க விறுவிறுக்க, காதை அடைக்கிற சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தான். விளாத்திகுளம் பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த ஈரக் கரிக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

ஜன்னலோரம் அவர். "மாமா" என்று கூப்பிட்டுவிட்டேன். வாயில் தானாக வந்தது.

"என்ன தம்பி?"

"அவ எழுதினது சரி."

"என்னது? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"உங்க மவ எழுதினது சரி மாமா."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். அதே நேரம் பார்த்து கண்டக்டர் கை வலிக்கிறது என்று பிடியை விட்டுவிட்டான். பஸ் ஸ்டாண்டே நிசப்தம். அந்த நிசப்தத்தில், "உங்க மவ சொன்னதுதான் சரி. நான் போட்ட கணக்கு தப்பு. நான்தான் முட்டாள்" என்று நான் கத்தியது, வெற்றிலைக்கடை, காப்பிக்கடை, ஜட்கா வண்டி ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் கேட்டது. பஸ்ஸில் இருந்த ஒரு அம்மாள், "அய்யோ பாவம், என்ன கணக்கோ" என்றாள்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம் மவ என்ன சொல்லி அனுப்பினான்னு தெரியுமா? 'ஒரு தடவை தப்பாப் போச்சுன்னு யாரையும் வேண்டாங்கக் கூடாதுப்பா. தப்பை எடுத்துக் காட்டினா என்ன சொல்லுதாருன்னு கேட்டுட்டு வாங்க. சரின்னு சொன்னாருன்னா இவரு. தப்புன்னு சொன்னாருன்னா நாசரேத்து'ன்னா. நீங்க வீட்டுல வச்சுத் தப்புன்னுட்டீய. நான் இங்கன உக்காந்து நாசரேத்துக்கு மனசுக்குள்ள கடுதாசி எழுதிக்கிட்டு இருக்கேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப சரின்னுட்டேனே மாமா."

அவர் நேர்மையான வியாபாரி, சும்மா விட்டுக்கொடுக்கமாட்டார்.  தலையை வெளியே நீட்டி, "ஏம்ப்பா கண்டக்டர், பஸ் கிளம்பிட்டா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணாச்சி, கரியே பிடிக்கல. பஸ் இன்னும் கிளம்பல."

"கிளம்பலைன்னா செல்லும்" என்றார். பிறகு நகர்ந்து இடம் விட்டார். "உள்ள வந்து உக்காருங்க மாப்ள. வெறுங்காலோட வெயில்ல நிக்காதீய."

விளாத்திகுளம் வரைக்கும் அவரோடு போனேன். தங்கபுஷ்பம் கதவோரம் வந்து நின்றாள். நோட்டைப் பிரித்து ஒன்றேகாலைக் காட்டினேன். வரி வரியாகப் படித்து முடித்துவிட்டு, "நான் ஒண்ணரை வரும்னு நெனச்சேன்" என்றாள். எங்கள் காதல் பேச்சு அவ்வளவுதான்.

தை மாதம் கல்யாணம். முதலாளி கையில் காலில் விழுந்து, மறுபடி அந்தச் சாமானை மாட்டினேன். ஒன்றேகால் வைத்து, லாஞ்ச் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதையும் பார்த்து முன்கூட்டியே சுக்கானைத் தளர்த்தும்படி இன்னொரு சின்ன ஏற்பாடும் சேர்த்தேன். மூன்று தோணிகளைக் கட்டி, மிதவையில் குமிழைத் திருப்பினேன். சூசை ஒரு கையைச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றான். லாஞ்ச் திரும்பியது, திசையைப் பிடித்தது, பிடித்ததை விடவில்லை. சூசை போய் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த லாஞ்ச் ஓட்டை உடைசல் ஆகும்வரை அந்தச் சாமான் அதில் ஓடியது. எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் அதுதான் முதல். அதை நினைத்து நான் பெருமைப்படாவிட்டால் வேறு யார் படுவார்கள்? அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. அதன் கணக்கைத் திருத்தியவள் என் மனைவி. இதை ஊரில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அவளிடம்தான் நேராகச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன், படித்துக்கொள்ளட்டும்.

அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் நான் எதற்காவது, "தப்பு, நீ சொல்லுதது தப்பு" என்று குரலை உயர்த்தினால், அவள் பதிலுக்குப் பேசுவதே இல்லை. கையிலிருக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டே, "பஸ் இன்னும் கிளம்பல" என்பாள். அவ்வளவுதான். குழம்பில் உப்பு, மகனுக்குப் பெண் பார்த்தது, வீட்டுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வைப்பது, எல்லாவற்றிலும் நான் அரை மணி நேரத்துக்குள் 'நீ சொன்னதுதான் சரி' என்று திரும்பி வந்திருக்கிறேன். என் பெண்கள் இரண்டு பேரும் இதைச் சீதனமாகக் கொண்டுபோய் அவரவர் புருஷன்மாரிடம் பிரயோகிக்கிறார்கள். என்ன ஏது என்று தெரியாமலே மருமகப்பிள்ளைகள் அடங்கிவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். மூன்று இடத்தில் அடையாளம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மூன்றுமே தப்பு என்று சொன்னேன். இரண்டை அப்புறம் திருத்திவிட்டேன். மூன்றாவது, பஸ் ஸ்டாண்டுக்கு நான் ஓடி வந்ததாக எழுதியிருக்கிறேனே, அது. பஸ்ஸில் இருந்த மாமா பார்த்ததை அவளிடம் வேறு மாதிரி சொன்னாராம்: ஓடி வந்தவன் ஸ்டாண்டுக்கு எதிரே நின்றுவிட்டேனாம், திரும்பி வீட்டுப் பக்கம் பத்தடி நடந்தேனாம், மறுபடி பஸ்ஸைப் பார்த்து வந்தேனாம், மறுபடி திரும்பினேனாம், இப்படி மூன்று தடவையாம். அப்படியெல்லாம் இல்லை. நான் நேராகத்தான் ஓடினேன். இதை இப்போது அவளிடம் உறுதியாகச் சொல்லிவிட்டு வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து நிமிஷம் ஆகிறது. இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது.